அவர்கள் வீட்டுக் கையெழுத்து

ஆறு மாதம் கோர்ட் படியேறக் கூடாது என்று என்னைத் தண்டித்தார்கள் என்றால் இன்றைக்கு பார் ரூமில் உட்கார்ந்திருக்கும் இளசுகள் நம்பமாட்டார்கள். விஷயம் தெரிந்த பெரிசுகளோ, "அதெல்லாம் டெல்லியில ரத்தாயிடுச்சேப்பா" என்று கையை ஆட்டிவிடுவார்கள். ரத்தானது வாஸ்தவம். எப்படி ரத்தானது என்பது எனக்குத் தெரியும், என் மனைவி கனகத்துக்குத் தெரியும், அந்தியூரில் இருக்கும் ஓர் அம்மாளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் இருவரும் பெருந்தன்மையால் திறக்கவில்லை. நான் வெட்கத்தால் திறக்கவில்லை.

நான் லட்சுமணசாமி. கோயமுத்தூர் கோர்ட்டில் முப்பது வருஷ வக்கீல். ஆர்.எஸ்.புரத்தில் வீடு, முன்னறையில் ஆபீஸ். கோபக்காரன் என்று பேர். கோபக்காரன் மனசில் ஒன்றும் இருக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிவிடாதீர்கள்.

என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண் கட்சிக்காரர்களிடம் நேருக்கு நேர் பேசமாட்டேன். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். தோட்டங்காட்டிலிருந்து வரும் பெண்களும் ஆபீசுக்குள் வரமாட்டார்கள். உள்ளே போய்க் கனகத்தோடு உட்கார்ந்துகொள்வார்கள். கூட வந்த ஆண்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து வழக்கைச் சொல்வார். சந்தேகம் வந்தால், "கனகம், அவங்களைக் கேட்டுச் சொல்லு" என்பேன். பாதிநாள் அதுகூட இருக்காது. காகிதத்தை அந்த ஆணிடமே கொடுத்தனுப்பினால் மறுவாரம் கைநாட்டோடு திரும்பி வரும். என் குமாஸ்தா கண்ணையா அதன் அடியில் 'படித்துக் காட்டிச் சம்மதம் பெற்றது' என்று மணிமணியாக எழுதிவிடுவார். யார் படித்தார், யாருக்குக் காட்டினார் என்று எந்தக் கோர்ட்டும் கேட்டதில்லை. இந்த ஜில்லாவில் பாதி வக்கீல்கள் அப்படித்தான் பிழைத்தார்கள். மாட்டியது நான்.

சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டம். அண்ணன், தம்பி இருவருக்கும் பொதுவான கிணறு. பக்கத்துத் தோட்டத்து அங்கப்பனுக்கும் அதில் பங்கு. வாரத்தில் எந்தெந்த நாள் யார் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பது என்பதில் தகராறு. அண்ணன் செத்துப்போனார். அவருடைய மனைவி சாமியாத்தாளும் தம்பி காளிச்சாமியும் சேர்ந்து அங்கப்பன் பேரில் போட்ட வழக்கு என்னிடம் வந்தது. வந்தது என்றால் காளிச்சாமி வந்தான். சாமியாத்தாளின் கைநாட்டு வந்தது.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. அறுபத்துநாலாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் காளிச்சாமி சிரித்துக்கொண்டே வந்தான். அங்கப்பனோடு ராஜியாகிவிட்டதாகச் சொன்னான். அங்கப்பன் தன் காட்டு வழியாகக் காளிச்சாமியின் வண்டி ரோட்டுக்குப் போகத் தடம் விடுகிறான். பதிலுக்குச் சாமியாத்தாளுடைய இரண்டு நாள் தண்ணீர் முறை அங்கப்பனுக்குப் போகிறது. தடம் ஒருவனுக்கு, இழப்பு இன்னொருத்திக்கு. அது எனக்குத் தெரியாமல் போய்விடவில்லை.

"ஏப்பா, அந்தம்மாவோட முறை போகுதே?" என்று கேட்கவும் கேட்டேன்.

"நம்ம ஊட்டு விவகாரமுங்க வக்கீலய்யா. அண்ணிக்கு என்ற நாள்ல நா தண்ணி உட்டுக்கறனுங்க. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. ஒரே குடும்பம், நான் யார் நடுவில்? ராஜி மனுவை எழுதிக் கொடுத்தேன். கைநாட்டோடு திரும்பி வந்தது. கண்ணையா தன் மணியான வரியை எழுதினார். கோர்ட்டில் தாக்கல் செய்தேன், டிக்ரி ஆனது, மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சாமியாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. உள்ளே போகாமல் ஆபீஸ் வாசலிலேயே நின்றார். அவருடைய முறை நாளில் அங்கப்பன் ஆட்கள் வந்து மோட்டாரை நிறுத்திவிட்டார்களாம். கொழுந்தன் தண்ணீர் விடுகிறேன் என்றவன் விடவில்லையாம். கரும்பு காய்கிறதாம். இதெல்லாம் கனகத்திடம் சொல்லி, கனகம் வந்து என்னிடம் சொன்னாள். நான் ஏதோ கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை.

"காளிச்சாமியை அனுப்பச் சொல்லு கனகம். அவன்கிட்டப் பேசிக்கறேன்" என்றேன்.

அவர் போய்விட்டார். காளிச்சாமி வரவில்லை. பதிலாக ஆறு மாதம் கழித்து மெட்ராஸ் பார் கவுன்சிலிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. சாமியாத்தாள் புகார் எழுதியிருந்தார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்து நான் குதித்த குதி எனக்கே ஞாபகமிருக்கிறது. முன்பெல்லாம் வக்கீல் பேரில் குற்றம் வந்தால் கடைசிச் சொல் ஹைகோர்ட் நீதிபதிகளுடையது. அறுபத்தொன்றாம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வக்கீலை வக்கீல்களே கமிட்டி போட்டு விசாரிக்கிறார்கள். என் வயதுக்கு நேற்று வந்தவர்களிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா என்று வீடு அதிரக் கத்தினேன். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, கோபம் மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும். கனகம் காதில் வாங்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தம்மா வந்தன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாமுங்க" என்றாள். அதற்கும் கத்தினேன்.

விசாரணைக்குச் சாமியாத்தாள் தனியாக மெட்ராஸ் வந்தார். கமிட்டி முன்னால் பயமில்லாமல் நின்றார்.

"கரண்டு ஆபீசுக்குன்னு சொல்லிக் கொழுந்தனாரு மைப்பெட்டியோட வந்தாருங்க. விரலை வச்சேன். ராஜின்னு ஆரும் சொல்லலீங்க. வக்கீலய்யா ஊட்டுக்கும் போனேன். அவரு எம் மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க."

சாட்சியம் எழுதி முடித்ததும் கமிட்டி குமாஸ்தா பழக்கத்தில் மைப்பெட்டியை நீட்டினார். அவர் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கி, 'சாமியாத்தாள்' என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, புகாரும் அதே கையெழுத்துத்தான்.

"உங்களுக்கு எழுதத் தெரியும்னு எங்க வக்காலத்துல இல்லையே" என்று என் வக்கீல் மடக்கினார்.

"ஆரு கேட்டீங்க?" என்றார் அவர்.

என் முறை வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். கண்ணையா எழுதிய வரி இருக்கவே இருந்தது. ஆனால் கோபம் கண்ணை மறைத்தது. "அந்தம்மாவை நான் கேக்கலை. குடும்பத்து ஆம்பளையைக் கேட்டேன். கொங்கு நாட்டில் அதுதான் வழக்கம். அதுதான் மரியாதை" என்று மேசையைத் தட்டினேன். இந்த வழக்கில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான், அதையும் திமிரில் சொன்னேன். கமிட்டி அதையே பிடித்துக்கொண்டது. கட்சிக்காரரைக் கேட்காமல் அவர் உரிமையை விட்டுக்கொடுத்தது தொழில் ஒழுங்கீனம், ஆறு மாதம் தடை என்று தீர்ப்பு வந்தது.

அறுபது நாளுக்குள் டெல்லியில் அகில இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யலாம். செய்தேன். அது முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் கோர்ட் வராந்தாவில் நடந்தால் முதுகில் கண்கள் ஊர்வது தெரியும். ஜூனியர்கள் அளவுக்கு மிஞ்சி மரியாதை கொடுத்தார்கள். ஆறு மாதம் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஏழாம் மாதம் என்னை யார் தேடி வருவார்கள்? எனக்கு இருந்ததெல்லாம் அந்தப் பேர்தான். அது போவதை விடச் சாவது மேல் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அறுபத்தாறாம் வருஷம் மே மாதம் டெல்லியில் விசாரணை. வெயில் தாரை உருக்கியது. மூன்று பேர் கமிட்டி, மூவரும் வடக்கே உள்ளவர்கள். என் டெல்லி வக்கீல் கெட்டிக்காரர். இது கவனக்குறைவாக இருக்கலாம், ஒழுங்கீனம் அல்ல, கூட வழக்காடிய அந்த அம்மாளின் சொந்தக் கொழுந்தனை நம்பியது நல்லெண்ணம்தான் என்று அழகாக வாதாடினார். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் மெல்லிய குரலில் கேட்டார்.

"புகார் கொடுத்த அம்மாள் ஏன் வரவில்லை? அவர் வந்து, கொழுந்தன் தன் சார்பில் பேச நான் ஒருபோதும் ஒப்பவில்லை என்று இங்கேயும் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா?"

வழக்குக் கட்டிலிருந்து தபால் அத்தாட்சிக் கார்டை எடுத்தார்கள். ரிஜிஸ்தர் தபாலை வாங்கியவர் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பும் கார்டு. கையெழுத்து தமிழில் இருந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் அதை என்னிடமே நீட்டினார்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. இது அவர்கள் தரப்புக் கையெழுத்துதானா?"

வாங்கிப் பார்த்தேன். 'கா'வின் காலைக் கோணலாக இழுத்து, 'காளிச்சாமி' என்று போட்டிருந்தது. வக்காலத்திலும் ராஜி மனுவிலும் நான் பலமுறை பார்த்த கையெழுத்து. தபால்காரர் தோட்டத்துக்குப் போயிருப்பார், சாமியாத்தாள் பேருக்குத் தபால் என்றிருப்பார், 'குடுங்க, நா குடுத்துக்கறேன்' என்று காளிச்சாமி கையை நீட்டியிருப்பான். அந்த அம்மாளுக்கு இப்படி ஒரு விசாரணை நடப்பதே தெரியாது. எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மனசு ஒரு பக்கம் சொல்லிவிடு என்றது. மறுபக்கம் கோட்டு, ஆணி, ஏழாம் மாதம்.

"அவர்கள் வீட்டுக் கையெழுத்துதான் ஐயா" என்றேன்.

அதில் பொய் ஒரு சொல் கிடையாது. முப்பது வருஷ வக்கீல் சொன்ன வாக்கியம் அல்லவா? தலைவர் தலையசைத்தார். நோட்டீஸ் கிடைத்தும் வராததால் அந்த அம்மாளுக்கு இனிமேல் குறை இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று எழுதி, மெட்ராஸ் தீர்ப்பை ரத்து செய்தார்கள். முதல் தடவை நான் அவரைக் கேட்காமல் விட்டது வழக்கத்தால். இரண்டாம் தடவை தெரிந்தே விட்டேன். முதல் தடவைக்குத் தண்டனை கிடைத்தது. இரண்டாவதற்கு மாலை போட்டார்கள். ஸ்டேஷனுக்கே வந்து போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கனகம் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா வந்திருந்தாங்களா?" என்பதுதான்.

"இல்லை" என்றேன்.

"ஏன் வல்லையாம்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. கார்டைப் பற்றிச் சொன்னேன். அவள் மாலையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் மாதத்தில் சாமியாத்தாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை கனகம் அவரை உள்ளே அழைக்கவில்லை. ஒரு நாற்காலியை எடுத்து வந்து என் மேசைக்கு எதிரில் போட்டாள். அவர் உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டெல்லியில உங்க பக்கம் ஆயிடுச்சுன்னு கொழுந்தனாரு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாருங்க. எனக்குத் தகவலே வல்லைங்க. தபால அவருதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கோணுமுங்க. ராஜிய ரத்து பண்ணச் சொல்லி நானா ஒரு கேசு போட்டிருக்கறனுங்க. டெல்லித் தீர்ப்பக் காட்டி, எனக்குக் குறையில்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி அவங்க வக்கீலு பேசறாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "அறுவது நாளைக்குள்ள சுப்ரீம் கோர்ட்டுக்குப் போலாமாமுங்க. இன்னும் பதினெட்டு நாள் இருக்குது. தபால வாங்குனது நானில்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுன்னு எங்க வக்கீலு சொல்றாருங்க. கொழுந்தனாரு கையெழுத்து உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்குத் தண்ணி வேணுமுங்க."

ஒரு வரி. அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த வரியை எழுதினால், டெல்லியில் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஆறு மாதத்தோடு போகாது. நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கண் தானாகக் கனகத்தின் பக்கம் போனது. வாய் தானாகத் திறந்தது.

"காளிச்சாமியை அனுப்பச் சொல்லு கனகம். அவன்கிட்டப் பேசிக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சாமியாத்தாள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வாரேனுங்க அம்மணி" என்று கனகத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதினெட்டு நாளும் நான் அந்த வரியை எழுதினேன், கிழித்தேன். நாளைக்கு என்றேன். காய்ச்சல் என்றேன். கோர்ட் வேலை என்றேன். அறுபதாம் நாள் கழிந்த மறுநாள் காலை காப்பி ருசியாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ருசியாக இருந்தது. அது ஏன் என்று புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு கேவலமான மனிதன் நான் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரி இல்லை, ஒரு பக்கம். கார்டில் இருந்தது காளிச்சாமி கையெழுத்து, அது தெரிந்தும் நான் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அதையும் ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒருநாள் கனகம் இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள். "தபால்ல போட்டுடாதீங்க" என்றாள்.

சிங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். அங்கப்பன் பக்கம் வாழை பச்சைப் பசேலென்று நின்றது. இந்தப் பக்கம் கரும்பு இருந்த இடத்தில் காய்ந்த சோகை பறந்தது. காளிச்சாமி ஓடி வந்தான்.

"வாங்க வக்கீலய்யா! சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே. அண்ணிங்களா? அவங்க பொறந்த ஊட்டுக்கு அந்தியூரு போயிட்டாங்க. கேசும் தள்ளுபடியாயிப்போச்சுங்க. காயிதமா? குடுங்க, நா குடுத்துப்போடறேன்."

கையை நீட்டினான். நீட்டிய கையைப் பார்த்தபோது வந்த கோபத்தில் பாதி அவன் மேல், பாதி என் மேல். பையைப் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் அந்தியூர் போனேன். ஆடித் தேர்த்திருவிழாச் சந்தை. ரோடெல்லாம் மாடும் குதிரையும். பஸ் நகராமல் ஒரு மைலுக்கு முன்பே இறங்கி நடந்தேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது சாமியாத்தாள் வாசலில் ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அங்கே கனகம் இல்லை. கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து, "அம்மா, இது உங்களுக்கு" என்று நானே கொடுத்தேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடிவில் இருந்த என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தேதி போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சுங்க. இருந்தாலும், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுப் போட்டு…"

"தோட்டத்தக் கொழுந்தனாருக்கே எழுதிக் குடுத்துட்டனுங்க. போன வாரம். தண்ணியில்லாத காட்ட வச்சுக்கிட்டு என்ன பண்றதுங்க?"

போன வாரம். அந்தக் காகிதம் என் இழுப்பறையில் கிடந்த வாரம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பி நீட்டினார். கோபமில்லை. குரலில் அதே மரியாதை.

"எனக்கு இனி இது எதுக்குங்க? இது உங்களுக்குத்தானுங்க வேணும். வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வெயிலில் நடந்து வந்தவனுக்கு அவர்கள் ஊரில் எல்லோரும் கொடுப்பதுதான். நான் அதை முழுவதும் குடித்தேன்.

இப்போதெல்லாம் எந்தப் பெண் வந்தாலும் எதிரில் உட்கார வைத்து நானே கேட்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தக் காகிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. துவைக்கப் போடும்போது கனகம் அதை எடுத்து, மறுநாள் மாற்றுச் சட்டையில் வைத்துவிடுகிறாள்.